ரூபனின் முட்டிக்கு ஒரு திருப்புளி

திருப்புளியின் இரும்பு முனையை ஓடும் மோட்டாரின் மேல் ஊன்றி, மரப்பிடியை வலது காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு காளிச்சாமி கண்ணை மூடினால், பட்டறையில் யாரும் பேசமாட்டார்கள். லேத்துக்காரர் லேத்தை நிறுத்திவிடுவார். டீ கொண்டுவந்தவர் கிளாஸ்கள் கிணுகிணுக்காமல் அப்படியே நிற்பார். பத்து எண்ணுகிற நேரம்தான். பிறகு கண்ணைத் திறப்பார். பேரிங் நன்றாக இருந்தால் திருப்புளி சட்டைப் பைக்குள் போய்விடும். அதுதான் தீர்ப்பு, வாயிலிருந்து ஒரு சொல் வராது. பேரிங் தேய்ந்திருந்தால் அதையும் சொல்லமாட்டார். மோட்டாரின் சொந்தக்காரரிடம் திருப்புளியை நீட்டி, "நீங்களே கேட்டுப்போடுங்க" என்பார்.

"மத்தவன் சொன்னா மனசு ஒத்துக்காதுங்க. அவுங்கவுங்க காதுல உழுந்தாத்தான் ஆறும்" என்பது அவர் கட்சி.

கணபதியில் சீனிவாசலுவின் மோட்டார் பட்டறையில் இருபத்திரண்டு வருடமாக அவருக்கு இதுதான் வேலை. வயது நாற்பத்தெட்டு. ஒல்லி உடம்பு, பெரிய காதுகள். வலது காது மடலில் கிரீஸ் கறை ஏறி ஏறி, எந்தச் சோப்புக்கும் போகாத ஒரு கருப்பு தங்கிவிட்டது. காக்கிச் சட்டையில் திருப்புளிக்கென்றே ஆழமான ஒரு பை. அதைத் தைத்துக் கொடுத்தவர் பக்கத்துக் கடைத் தையல்காரர் இல்யாஸ். பைக்கு மூடியும் வைத்து, ஒரு பித்தளைப் பொத்தானும் வைத்தார். அந்தப் பொத்தானைக் காளிச்சாமி இன்றுவரை போட்டதில்லை. "எடுத்து எடுத்து வெக்கறதுக்குப் பொத்தான் எதுக்குங்க" என்று கேட்டுவிடுவார். இல்யாஸுக்கு அதில் ஒரு சிறு வருத்தம் உண்டு.

மோட்டார் இன்னும் எத்தனை நாள் ஓடும் என்று கேட்டால் மாதக் கணக்கிலோ வருடக் கணக்கிலோ பதில் வராது. "ஒரு போகம் தாங்குமுங்க", "ரெண்டு போகத்துக்குப் பயமில்லீங்க" என்பார். காங்கேயத்திலிருந்து பஸ்ஸின் மேல் மோட்டாரைக் கட்டிக் கொண்டுவரும் தோட்டக்காரர்களுக்கு அந்த விளைச்சல் கணக்குத்தான் பிடிக்கும். கருமத்தம்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் அப்பாவும் அம்மாவும் வேலைக்கு இருந்த காலத்தில் கிணற்றடி மோட்டார் ரூமில் படுத்து வளர்ந்தவர் அவர். மோட்டார் சத்தம் இல்லாத இடத்தில் அவருக்குத் தூக்கம் வராது.

கேட்காத பொருள் கிடையாது. வீட்டுக் கிரைண்டரைக் கேட்பார். நின்றுகொண்டிருக்கும் டவுன் பஸ்ஸைக் கேட்பார். ஒருமுறை மாமனாருக்கு மூச்சிரைப்பு வந்தபோது திருப்புளியை எடுத்துக்கொண்டு கட்டில் பக்கம் போய்விட்டார். மனைவி பொன்னாத்தாள் கையைத் தட்டிவிட்டாள். "கண்ணாலத்தன்னைக்கே தவுல்காரரு கிட்டப் போயி உத்து உத்துக் கேட்டுட்டு நின்ன ஆளுங்க இவரு. நாந்தேன் அப்பவே சுதாரிச்சிருக்கோணும்" என்று அவள் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள்.

இப்படிப்பட்டவர் கூடைப்பந்துக்குள் வந்ததும் ஒரு சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான். எண்பத்தொன்றில், மே மாதக் கடைசியில் நடக்கும் அகில இந்தியப் போட்டியின்போது விளக்குக்கான ஜெனரேட்டர் மக்கர் செய்தது. சீனிவாசலு அவரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். பழுதை நீக்கிவிட்டு, மறுபடி நின்றுவிடுமோ என்று விளக்குக் கம்பத்துக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தார். ஆட்டம் அவருக்குப் புரியவில்லை. ஆனால் பத்துப் பேர் சிமெண்ட் தரையில் ஓடுகிற சத்தத்தில், ஒருவனுடைய ஷூச் சத்தம் மட்டும் தனியாக விழுந்தது. மற்றவர்களுடையது தரையைத் தேய்த்தது. அவனுடையது தரையைத் தொட்டுவிட்டுப் போனது. இருபத்தோரு வயது ரூபன். உள்ளூர் மில் அணி. பதினோராம் நம்பர் பனியன்.

அன்றிலிருந்து பதினைந்து வருடம், போட்டி நடக்கும் நாட்களில் மாலை ஐந்துக்கு மேல் காளிச்சாமியைப் பட்டறையில் பார்க்க முடியாது. சவுக்குக் கம்பு கட்டிப் பலகை போட்ட காலரியில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில், கடைசிப் பலகை அவருடையது. யாருக்கும் வேண்டாத இடம். மைதானத்தைச் சுற்றி நட்டிருக்கும் இரும்புக் குழாய் வேலியில் திருப்புளியை ஊன்றிக் காதை வைத்துக்கொள்வார். "ஜெனரேட்டரு சத்தத்த ஒதுக்கிப்போட்டுக் கேக்கோணுமுங்க. சோத்துல கல்ல ஒதுக்கறாப்பல." ரூபன் வேலிப் பக்கம் ஓடிவந்தால் முகம் மலரும். பந்து வளையத்துக்குள் போனதா இல்லையா என்பதைப் பக்கத்திலிருக்கும் இல்யாஸ் சொல்லவேண்டும். நாற்காலி டிக்கெட்டில் சீனிவாசலு உட்கார்ந்திருப்பார். இடைவேளையில் வேகவைத்த கடலை விற்பவரிடம் முதலாளியும் தொழிலாளியும் ஒரே பொட்டலத்தில் கைவிட்டுக்கொண்டு நிற்பார்கள். போட்டி நடக்கும் பத்து நாளும் இருவருக்கும் அதுதான் வழக்கம்.

இந்தப் பதினைந்து வருடத்தில் ரூபனிடம் அவர் ஒரு சொல் பேசியதில்லை. "அந்தத் தம்பிக்கு நீங்க ஒருத்தரு இருக்கறதே தெரியாதுங்க" என்று பொன்னாத்தாள் கிண்டல் செய்தால், "காத்துக்கு நம்மளத் தெரியுமா அம்மணி" என்பார்.

இந்த வருடம் புதன்கிழமை ஆட்டத்தில் ரூபன் எம்பி, பந்தைப் போட்டுவிட்டு, இறங்கும்போது வலது முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். காலரி மொத்தமும் எழுந்து நின்றது. காளிச்சாமி எழவில்லை. திருப்புளி வேலியிலேயே இருந்தது. அவனை இரண்டு பேர் தோள் கொடுத்துக் கூட்டிப்போன பிறகும் அவர் காதை எடுக்கவில்லை.

"என்னண்ணா கேட்டுச்சு?" என்றார் இல்யாஸ்.

"ஒண்ணுமில்லீங்க."

"ஒண்ணுமில்லாததுக்கா மூஞ்சி இப்படிப் போச்சு?"

அன்று வீட்டில் பொன்னாத்தாளிடம் மட்டும் சொன்னார். "டக்குனு ஒரு சத்தம். கூண்டு தளந்த பேரிங்காட்டம். ஓடுமுங்கறேன். எத்தன போகத்துக்குன்னு சொல்ல முடியல புள்ள." ரூபனுக்கு முப்பத்தாறு ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். அதற்கு அவன் வராவிட்டால் ஒரு கோப்பை போகும். அது போகட்டும். அவன் இனி ஒருபோதும் வராவிட்டால் அடுத்த மே மாதத்தை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

மறுநாளிலிருந்து கணபதி வட்டாரமே வைத்தியரானது. எலும்பு டாக்டர் ஐஸ் வைக்கச் சொல்லியிருக்கிறார் என்ற செய்தி யாருக்கும் திருப்தியாக இல்லை. "ஐஸு வெக்கறதுக்கு அது என்ன மீனா?" என்றார் சீனிவாசலு. மூட்டுக்கு முடக்கத்தான்தான் என்று டீக்கடையில் முடிவானது. கீரை கொண்டுபோகும் வேலையை யாரும் யாருக்கும் ஒப்படைக்கவில்லை, ஆகவே எல்லோரும் செய்தார்கள். வியாழன் மதியத்துக்குள் மில் வாசலில் முடக்கத்தான் கீரை வந்து குவிந்தது. சைக்கிள் கேரியரில், மொபெட்டின் முன்னால், கூடையில், துண்டில். மோட்டாரை வாங்கிப்போக வந்த காங்கேயத்துத் தோட்டக்காரர் கருப்புசாமி ஒரு சாக்கு நிறைய இறக்கினார். வாட்ச்மேன் மலைத்துப்போய் எல்லாவற்றையும் கேண்டீனுக்கு அனுப்பினார். மூன்று நாளைக்கு மூன்று ஷிப்டுக்கும் முடக்கத்தான் தோசை. சனிக்கிழமை வாக்கில் ஆயிரத்துச் சொச்சம் தொழிலாளிகளின் முட்டிகள் எண்ணெய் போட்ட மாதிரி இருந்ததாகப் பேச்சு. ரூபனின் முட்டியைப் பற்றித்தான் ஒன்றும் தெரியவில்லை.

இல்யாஸ் தம் பங்குக்கு ஆதாரம் காட்டினார். மில் அணிக்கு டவுசர் தைப்பவர் அவர்தான். "இடுப்பு எட்டு வருசமா முப்பத்திரெண்டு. அரை இஞ்சு கூடல, குறையல. அப்படிப்பட்ட ஆளுக்கு முட்டி போகுமாண்ணா?"

"டவுசருக்கும் முட்டிக்கும் என்னய்யா இருக்குது?" என்றார் சீனிவாசலு.

"நாலு இஞ்சு தான இருக்குது மொதலாளி."

மருதமலைப் படியில் ரூபன் குடுகுடுவென்று ஏறிப்போனதைக் கண்ணால் பார்த்ததாக ஒருவர் வந்து சொன்னார். பட்டறையே கைதட்டி அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தது. டீயைக் குடித்து முடித்த பிறகு, அது ரூபனின் மச்சினனாகவும் இருக்கலாம் என்றார்.

இந்தக் கூத்துக்கு நடுவில் காளிச்சாமிக்கு ஒரு தவறு நேர்ந்தது. கருப்புசாமியின் மோட்டாரில் திருப்புளியை வைத்துக் கேட்டார். பத்து எண்ணியாகிவிட்டது. இருபது ஆகிவிட்டது. திருப்புளி மெல்லக் கருப்புசாமியை நோக்கி நீண்டது. அவர் பதறிப்போய் வாங்கிக் கேட்டார். மறுபடி கேட்டார்.

"ஏனுங்க, கும்முனு ஓடுதுங்களே. எனக்குத்தான் காது போச்சுங்களா?"

காளிச்சாமி வாங்கிக் கேட்டார். மோட்டாரில் பழுதில்லை. புதன்கிழமைச் சத்தம் அவர் காதுக்குள்ளேயே இருந்தது, எதைக் கேட்டாலும் அதுதான் கேட்டது. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. "நெம்ப மன்னிச்சுப்போடுங்க" என்று தலையைக் குனிந்துகொண்டார். சீனிவாசலு திட்டவில்லை. "ஞாயித்துக்கெழம வரைக்கும் நீ எதையும் கேக்கவேண்டாஞ் சாமி, காயிலு சுத்து" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பலகைகள் முறியுமளவு கூட்டம். ரூபன் முட்டியில் கருப்பு உறை மாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். முதல் பாதி போயிற்று. இரண்டாம் பாதியிலும் பெஞ்சுதான். வடக்கே இருந்து வந்த அணி ஏழு, எட்டு பாயிண்ட் என்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. "பதினொண்ணு, பதினொண்ணு" என்று காலரி பலகையை மிதிக்க ஆரம்பித்தது. நாலு நிமிடம் இருக்கும்போது அவன் எழுந்தான். மேலே போட்டிருந்த சட்டையைக் கழற்றினான். அந்தச் சட்டை தரையில் விழுவதற்குள் மூவாயிரம் பேர் விசிலடித்தார்கள்.

காளிச்சாமி வேலியில் திருப்புளியை ஊன்றினார். கண்ணை மூடினார்.

ரூபன் ஓடவில்லை, நடந்தான். எம்பவில்லை. நிற்கிற இடத்திலிருந்து பந்தைக் கொடுத்தான், வாங்கினான், மறுபடி கொடுத்தான். எதிரணியின் உயரமான பையன்கள் இருவர் அவனையே காவல் காத்ததில் மற்றவர்களுக்கு வழி கிடைத்தது. எட்டு ஐந்தானது, ஐந்து இரண்டானது. கடைசிப் பத்து வினாடியில் பந்து அவனிடம் வந்தது. மூன்று பாயிண்ட் கோட்டுக்கு வெளியே, காளிச்சாமிக்கு நேர் எதிரே பத்தடியில், இரண்டு காலையும் தரையில் ஊன்றிப் போட்டான்.

"என்னாச்சுங்க?" என்றார் காளிச்சாமி, கண்ணைத் திறக்காமல்.

இல்யாஸ் பதில் சொல்லும் நிலையில் இல்லை. கழுத்திலிருந்த அளவு நாடாவை வானத்தில் வீசிவிட்டு யாரோ ஒரு போலீஸ்காரரைக் கட்டிக்கொண்டிருந்தார். சீனிவாசலு நாற்காலி மேல் ஏறி வீட்டுத் தெலுங்கில் என்னவோ கத்தினார். நாற்காலி மடங்கிக்கொண்டது. அவர் விழுந்த பிறகும் கத்தல் நிற்கவில்லை. பொன்னாத்தாள் கொடுத்தனுப்பியிருந்த முறுக்கு டப்பா கைமாறிக் கைமாறி எதிரணி கோச்சிடம் போய்ச் சேர்ந்தது. அவரும் ஒன்று எடுத்துக்கொண்டார்.

ஸ்கோர் எழுதுகிறவர்களின் பெஞ்சில் ரூபன் உட்கார்ந்து முட்டி உறையை அவிழ்க்கும்போது கூட்டம் சுற்றிக்கொண்டது. இல்யாஸ் காளிச்சாமியை முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே போனார். "வேண்டாமுங்க, வேண்டாமுங்க" என்றபடியே அவர் முன்வரிசைக்கு வந்துவிட்டார்.

"இவரு கேட்டுச் சொன்னா மோட்டார் கம்பெனியே ஒத்துக்கும். உங்க முட்டியக் கொஞ்சம் கேக்கட்டுங்க" என்றார் இல்யாஸ்.

ரூபன் ஏறிட்டுப் பார்த்தான். காளிச்சாமியின் கருத்த காதைப் பார்த்தான். கையிலிருந்த திருப்புளியைப் பார்த்தான்.

"கம்பத்துக்குப் பின்னால, ஜெனரேட்டர்கிட்ட. நீங்கதானுங்ணா? சின்ன வயசுல நான் நெனச்சுக்குவேன், இவரு எதுக்கு வேலியக் கழட்டறாருன்னு."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. காளிச்சாமிக்குச் சிரிக்க வரவில்லை.

"அந்தக் கீரையும் நீங்கதானா? மூணு நாளா தோசைங்ணா."

"அது சனங்க பண்ணுன வேலைங்க. நானில்லீங்க."

ரூபன் காலைத் தூக்கிப் பெஞ்சின் மேல் வைத்தான். முட்டி வீங்கி, தேங்காய் மாதிரி இருந்தது. "கேளுங்ணா. அடுத்த வருசம் வரலாமா வேண்டாமான்னு டாக்டரு என்னையே யோசிக்கச் சொல்லிட்டாரு. நீங்களே சொல்லிருங்க."

காளிச்சாமி திருப்புளியின் முனையைத் தம் வேட்டி நுனியில் இரண்டு முறை துடைத்தார். தோலைக் குத்தாமல், பூவை வைக்கிற மாதிரி, முட்டிச் சிப்பியின் ஓரத்தில் வைத்தார். மரப்பிடியில் காதை ஒட்டினார்.

"மெதுவா நீட்டுங்க. மடக்குங்க. இன்னொருக்கா."

விசில் அடங்கியது. யாரோ ஜெனரேட்டரை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினால் விளக்குப் போய்விடும் என்று வேறு யாரோ அதட்டினார்கள். பத்து எண்ணும் நேரம் போயிற்று. சீனிவாசலு இடுப்பைப் பிடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். "எத்தன போகம் காளிச்சாமி?" என்றார் தணிந்த குரலில்.

எந்த மோட்டாரையும் அவர் அவ்வளவு நேரம் கேட்டதில்லை.

கண்ணைத் திறந்தபோது ரூபன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பட்டறை வழக்கத்தை இல்யாஸ் அதற்குள் அவன் காதில் போட்டிருக்க வேண்டும். சிரித்தபடியேதான் வலது கையை நீட்டினான், உள்ளங்கை மேலே பார்க்க. "குடுங்ணா. நானே கேட்டுக்கறேன்."

காளிச்சாமி அந்தக் கையைப் பார்த்தார். பிறகு திருப்புளியைச் சட்டைப் பைக்குள் ஆழமாகச் செருகி, மூடியை இழுத்துவிட்டு, இதுவரை போட்டேயிராத அந்தப் பித்தளைப் பொத்தானைத் தடவித் தடவிக் கண்டுபிடித்துப் போட்டார்.