மண்மேட்டு நாணல்

நவம்பர் இரண்டு, காலை ஏழு மணி. நெல்லிக்குப்பத்தில் பஸ் ஏறினேன். வழியெல்லாம் கரும்பு. நான் பார்க்கப் போனதோ கரும்பின் காட்டுப் பங்காளியை, நாணலை. நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய மண்மேடுகளில் அது ஆளுயரத்துக்குப் பூத்திருப்பதாகக் கேள்வி. புல் பார்க்க பஸ் ஏறுகிறவன் என்று வீட்டில் எனக்கு ஏற்கெனவே நல்ல பெயர்.

பக்கத்து இருக்கையில் ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா. மடியில் மெழுகுவத்தி, சாமந்தி, களைக்கொத்து. பெயர் ஆரோக்கியமேரி. கல்லறைத் திருநாளாயிற்றே, எந்தக் கல்லறைக்கு என்று கேட்டேன்.

"கல்லறை இல்லீங்க சார். மண்மேட்டுக்குத்தான் போறேன்."

எட்டேமுக்காலுக்கு நெய்வேலியில் இறங்கி, சேர்ந்தே ஆட்டோ பிடித்தோம். நூற்றைம்பது ரூபாய். வழியில் சொன்னார். கம்மாபுரம் பக்கத்திலிருந்த அவர்கள் ஊர் சுரங்கத்துக்குப் போனபோது, ஊர்க்காரர்கள் அவரவர் வீட்டு எலும்புகளை எடுத்துப் புது இடத்தில் புதைத்தார்கள். அவர் கணவருடையது மண் கல்லறை. மரச்சிலுவையைக் கரையான் தின்றுவிட்டது. வருஷா வருஷம் புல் செதுக்கி வைப்பதுதான் அடையாளம்.

"ரெண்டு வருசம் இடுப்பு ஒடிஞ்சி படுத்துக்கினு இருந்தேங்க. நாணல் மூடிக்கினு போச்சி. எங்கெங்கியோ தோண்டினாங்க. அவரு மட்டும் கெடைக்கல. சுரங்கம் வெட்டின மண்ணோட மண்ணா அந்த மேட்டுலதான் கெடக்கறாரு."

ஒன்பதரைக்கு மேட்டடி. சரிவு முழுக்க வெள்ளைக் கதிர்கள். குறுகிய இலை, வெளுத்த நடுநரம்பு, அரம் போன்ற ஓரம்; தொட்டதும் விரலைக் கீறியது. கதிரில் பட்டு மயிர், மயிரோடு பறக்கும் விதை. மண்ணுக்கடியில்தான் இன்னும் மோசம். படுக்கைவாக்கில் தண்டு ஓடி, கணுவுக்குக் கணு முளை விடும். மேலே அறுத்தாலும் எரித்தாலும் அடுத்த மழைக்குத் திரும்பும். இதையெல்லாம் படித்து வியந்துதான் வந்தேன். இப்போது அதைப் பார்க்கவே எனக்கு ஆத்திரமாக இருந்தது.

காவலாளி ஓடிவந்தார். "புல்லப் புடுங்காதீங்கம்மா. மண்ணு சரிஞ்சா எனக்குத்தான் திட்டு."

"ஆறடி போதும் தம்பி."

அவர் சரிவைவிட்டுத் தள்ளிச் சமதரையைக் காட்டிவிட்டு, வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

ஆரோக்கியமேரி செதுக்கினார். நான் வேர்த்தண்டுகளை இழுத்துப் போட்டேன். எல்லாம் துண்டு துண்டாகத்தான் வந்தது.

"இந்தத் துண்டெல்லாம் மறுபடி முளைக்கும்மா," என்றேன்.

"தெரியும் சார். போன வருசம் செதுக்குன எடத்தத்தான் வந்ததுலேருந்து தேடறேன். அதுவும் கெடைக்கல."

மெழுகுவத்தி காற்றில் நிற்கவில்லை. அணைந்ததையே நட்டு வைத்து ஜெபம் சொன்னார்.

பகல் பன்னிரண்டுக்குத் திரும்பும் பஸ். எங்கள் ஊர் ஆற்றங்கரையில் மண் அரிக்காமலிருக்க இதே நாணலை வேண்டி வேண்டி நடுகிறோம். அங்கே பிழைப்பேனா என்கிறது. மாதிரிக்கு ஒரு தூர் எடுத்துவரக் கொண்டுபோன பை வெறும் பையாகவே மடியில் கிடந்தது. பண்ருட்டி தாண்டியதும் சட்டையெல்லாம் ஒட்டியிருந்த வெள்ளைப் பஞ்சை ஜன்னல் வழியே தட்டிவிட்டேன். தட்டி முடித்த பிறகுதான் உறைத்தது, அது விதை. வெளியே யார் வயலோ, யார் கல்லறையோ, பஸ் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.