நடுவில் வந்த பந்து

டென்னிஸ் என்றால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான். டி.வி.யில் ஆட்டம் வந்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். "பந்து மேல இன்னாமா கோவம்?" என்று என் மகன் சிரிப்பான். பந்து மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. யார் மேல் என்றுதான் இத்தனை வருஷமாகத் தெரியவில்லை.

கலெக்டர் ஆபீஸ் எங்கள் காஞ்சிபுரத்துக்கு வந்த புதிது. ஆபீசோடு ஆபீசர்கள் வந்தார்கள், அவர்கள் பொழுதுபோக்க ஒரு கிளப்பும், கிளப்புக்குள் ஒரு செம்மண் கோர்ட்டும் வந்தன. சாயங்காலம் அவர்கள் ஆடுவார்கள். காலையில் கோர்ட்டில் காக்காய் உலாத்தும். ஆபீசர் ஒருவரின் மனைவிக்கு அது பொறுக்கவில்லை. காலேஜில் டென்னிஸ் ஆடியவராம். நாங்கள் அவரை மேடம் என்று மட்டும் கூப்பிடுவோம். பதினெட்டு வயதுக்குக் கீழே யார் வேண்டுமானாலும் காலையில் வந்து ஆடலாம், பதிலுக்குக் கோர்ட்டில் தண்ணீர் தெளித்து, ரோலர் இழுத்து, சுண்ணாம்புக் கோடு போட்டுவிட வேண்டும் என்று பள்ளிக்கூடங்களில் சொல்லி அனுப்பினார். அந்தச் சேதியை வீட்டுக்குக் கொண்டுவந்தது நான்தான். வீட்டில் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது நான் ஒருத்திதான்.

பெரியண்ணனுக்குப் பதினேழு வயது. எஸ்.எஸ்.எல்.சி.யில் நல்ல மார்க் வாங்கிவிட்டு வந்து தறியில் உட்கார்ந்தவர். நைனாவுக்கு முழங்கால் இரண்டும் வீங்கி, தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு மிதிக்க முடியாமல் போனதால் வேறு வழியில்லை. சின்னண்ணனுக்குப் பதின்மூன்று. ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். நான் அவனுக்கு இரண்டு வயது இளையவள்.

அவனை ஏன் நிறுத்தினார்கள் என்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் நெய்தது கோர்வைச் சேலை. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். குறுக்கு நூலை ஓட்டுகிற கட்டைதான் நாடா. உடலுக்கு ஒரு நாடா, ஒவ்வொரு கரைக்கும் ஒரு நாடா. நெய்கிறவர் உடல் நாடாவையும் இடது கரை நாடாவையும் பார்த்துக்கொள்வார். வலது கரைக்கு இன்னொருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். அது எப்போதும் வீட்டுப் பிள்ளைதான். தன் கரைக்குள் நாடாவைப் போட்டு உடல் இழையோடு கோர்த்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். உடல் பக்கம் கை போகவே கூடாது. போனால் பெரியவர் விடுகிற நாடாவில் விரல் மாட்டும், பாவு, அதாவது நீளவாக்கில் கட்டிய இழை, அறுந்து தொங்கும். அதனால் கை போகும்போதெல்லாம் விரல் முட்டியில் மரக்கோலால் ஓர் அடி விழும். பெரியண்ணனை நைனா அடித்தார். சின்னண்ணனைப் பெரியண்ணன் அடித்தார். இதில் கொடுமை என்று யாரும் நினைத்ததில்லை, அடி வாங்குகிறவன் உட்பட. ஒரு வருஷத்தில் கை தானாகப் படிந்துவிடும். பிறகு அடிக்கத் தேவையிருக்காது.

சித்திரையில் இரண்டு பேரும் கோர்ட்டுக்குப் போக ஆரம்பித்தார்கள். விடிந்ததிலிருந்து இரண்டு மணி நேரம் ஆட்டம், பிறகு விளக்கு வைக்கிற வரை தறி என்று நைனாவோடு பேச்சு. அமாவாசைக்கு ஊரில் எந்தத் தறியும் ஓடாது. அன்றைக்கு மட்டும் வெயில் ஏறும்வரை ஆடுவார்கள். நான் தூக்கில் பழைய சோறு எடுத்துக்கொண்டு போய் வேலியோரம் உட்கார்ந்திருப்பேன். கிளப்பில் கிடந்த பழைய மட்டைகளைத்தான் மேடம் கொடுத்திருந்தார். பந்துகளில் ரோமம் உதிர்ந்து மொழுமொழுவென்று இருக்கும். வெள்ளை உடுப்பில்தான் ஆட வேண்டுமாம். அம்மா நைனாவின் பழைய வேட்டியைக் கிழித்து இரண்டு அரைக்கால் சட்டை தைத்தார். அதில் ஒன்றின் பின்பக்கம் கரை வந்துவிட்டது. அதைச் சின்னண்ணன் தலையில் கட்டினோம். "பின்னாடி பார்டர் வச்ச மாப்பிள்ளை" என்று தெருவே அவனைக் கேலி செய்தது.

தனியாக ஆடினால் இருவரும் சுமார்தான். ஜோடியாக நின்றால் யாரும் கிட்டே வர முடியாது. மற்றப் பிள்ளைகள் "எனக்கு", "உனக்கு" என்று கத்திக்கொண்டு முட்டிக்கொள்வார்கள். இவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். ஒருவர் முன்னால் போனால் மற்றவர் பின்னால் வருவார். நாள் முழுக்க ஒரே மிதிக்குக் கை அசைத்தவர்களுக்கு அதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டுமா? ஆடி மாசம் காற்றில் பந்து எங்கெங்கோ பறந்தது, அப்போதும் ஜெயித்தார்கள். ஐப்பசி மழையில் கோர்ட் சேறாகிவிட்டது. தெருவில் விரிக்கிற பாவும் காயவில்லை. ஆட்டமும் இல்லை, தறியும் இல்லை. வீட்டுக்குள்ளேயே சுவரில் பந்தடித்து அம்மாவிடம் திட்டு வாங்கினார்கள். மார்கழிப் பனியில் ரோலர் இழுத்தார்கள். தை பிறப்பதற்குள் வக்கீல் வீட்டுப் பையன்கள், டாக்டர் வீட்டுப் பையன்கள் எல்லோரும் எங்கள் அண்ணன்களிடம் தோற்றுவிட்டிருந்தார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் அளந்ததை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மேடமுடைய மகளும் ஆடுவாள், என் வயசுதான். ஒருநாள் அவள் வேலிக்கு இந்தப் பக்கம் வந்து என் கையில் மட்டையைக் கொடுத்து, "நீ ஏன் ஆடறதில்லை?" என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். வீட்டில் அப்படி ஒரு கேள்வியை யாருமே கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை.

மாசியில் மேடம் வீட்டுக்கே வந்தார். தறிக்குப் பக்கத்தில் பாய் போட்டு உட்கார வைத்தோம். சித்திரைக் கடைசியில் மாவட்டம் முழுவதிலுமிருந்து ஜூனியர் பிள்ளைகள் நம் ஊர்க் கோர்ட்டுக்கு வரப் போகிறார்கள், ஜோடி ஆட்டத்தில் ஜெயிக்கிறவர்கள் மெட்ராஸுக்குப் போவார்கள் என்றார். மெட்ராஸில் ஒரு காலேஜ் அப்படி ஜெயிக்கிற பையனுக்கு இடம் கொடுத்து ஹாஸ்டலிலும் வைத்துக்கொள்ளும், பெரியவனுக்காகப் பேசி வைத்திருக்கிறேன், ஜெயித்தால் இடம் நிச்சயம் என்றும் சொன்னார். பெரியண்ணனுக்குப் பதினெட்டு முடியப் போகிறது. அடுத்த வருஷம் என்று ஒன்று அவருக்கு இல்லை.

மேடம் போனபிறகு அம்மா பாயைச் சுருட்டினார். நைனா சொன்னார்: "நீ ஜெயிச்சிக்கினு வா. தறியில நான் குந்திக்கிறேன்."

"உன் காலு இருக்கிற லட்சணத்துக்கா?" என்றார் அம்மா.

"எங்காலு எனக்குத் தெரியாதா? நீ சும்மா இரு."

அன்றிலிருந்து பெரியண்ணன் நெய்யும்போது பாட ஆரம்பித்தார். அவர் பாடி நான் அதுவரை கேட்டதில்லை. குரல் சகிக்காது. இருந்தாலும் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

சித்திரைக் கடைசியில் வந்தவர்களை ஒவ்வொரு ஜோடியாக ஜெயித்தார்கள். கடைசி ஆட்டம் தாம்பரம் பக்கத்துப் பையன்கள் இரண்டு பேரோடு. கான்வாஸ் ஷூ, ஆளுக்கு இரண்டு மட்டை. நம்மவர்கள் வெறுங்கால். அக்கினி நட்சத்திர வெயில். முதல் செட் நமக்கு. மேடம் கைதட்டிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார். இரண்டாவது செட்டில் வெயில் ஏற ஏற செம்மண் அடுப்புக் கல்லாகச் சுட ஆரம்பித்தது. பெரியண்ணனின் உள்ளங்காலில் கொப்புளம் கிளம்பிவிட்டது. கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்.

அப்போதுதான் அந்தப் பையன்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். வருஷம் முழுக்க வேலியோரம் உட்கார்ந்திருந்த எனக்கும் அன்றைக்குத்தான் அது கண்ணில் பட்டது. இரண்டு பேருக்கும் நடுவில் வருகிற பந்தைச் சின்னண்ணன் தொடுவதேயில்லை. கோர்ட்டின் ஓரம் அவனுடையது. அங்கே வருகிற பந்தைப் புலிமாதிரி அடிப்பான். நடுவில் வந்தால், அது அவன் கைக்கு எட்டுகிற தூரத்தில் வந்தாலும், ஒதுங்கி நின்றுவிடுவான். அதையெல்லாம் ஓடிவந்து அடித்தவர் பெரியண்ணன். அவருக்கும் அது வித்தியாசமாகப் பட்டிருக்காது. தறியில் நடு அவருடையதுதானே. ஒரு வருஷமாக அவர் கால் ஓடியதால் யாருக்கும் தெரியவில்லை. இப்போது கால் ஓடவில்லை.

பந்து நடுவில் வந்தது. மறுபடியும் நடுவில் வந்தது. மேடம் பொறுக்க மாட்டாமல் எழுந்து நின்று, "தம்பி, அது உன் பந்துப்பா! அடி!" என்று கத்தினார். சின்னண்ணன் சரியென்று தலையை ஆட்டினான். அடுத்த பந்துக்கும் ஒதுங்கித்தான் நின்றான். இரண்டாவது செட் போயிற்று. மூன்றாவது செட்டில் பெரியண்ணன் ஜோடி ஆட்டத்தில் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"நீயே அடிடா! என்னால முடியலடா!"

அதைக் கேட்டதும் சின்னண்ணன் முகம் அழுகிற மாதிரி ஆகிவிட்டது. அவன் வேண்டுமென்று நிற்கவில்லை என்று எனக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். கடைசிப் பந்து உயர எழும்பி, மெதுவாக, நட்டநடுவில் வந்தது. சின்னப் பிள்ளைகூட அடித்துவிடும். அவன் இந்த முறை மட்டையை நீட்டினான். நீட்டிய கையைப் பாதியில், சுட்டுக்கொண்டவன் மாதிரி வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். பெரியண்ணன் இரண்டு எட்டு வைத்து விழுந்தார். பந்து இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்து, எழும்பி, வேலியில் போய் மோதியது.

"ஆடத் தெரியாத பொடியனைப் போய் ஜோடி சேர்த்துக்கிட்டானே" என்று யாரோ ஒரு ஆபீசர் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்துக்குத் தூக்கை அவர் மேல் வீசியிருப்பேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது பெரியண்ணன் சின்னண்ணனைத் திட்டவில்லை. நொண்டிக்கொண்டே அவன் தோளில் கை போட்டு வந்தார். வீட்டுக்குள் நுழைந்தால் நைனா தறியில் உட்கார்ந்திருக்கிறார். குழிக்குள் கால், இரண்டு முழங்காலிலும் துணிக்கட்டு. முகமெல்லாம் வேர்வை. எங்களுக்குத் தெரியாமல் பழகிப் பார்த்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. எங்கள் முகத்தைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல மேலே ஏறினார். பெரியண்ணன் போய்க் கைகொடுத்தார்.

மறுநாள் காலை இருவரும் வழக்கம்போலத் தறியில் உட்கார்ந்தார்கள். சின்னண்ணன் தன் நாடாவை எடுத்தான். பெரியண்ணன் எடுக்கவில்லை. தம்பியின் வலது கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்து முட்டிகளைத் தடவிப் பார்த்தார். அந்த முட்டிகள் காய்ப்புக் காய்த்து மற்றக் கையைவிடப் பெரிதாக இருக்கும். பெரியண்ணன் அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். சத்தமில்லாமல் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதார்.

"நாந்தான்டா உன் கைய இப்டிப் பண்ணி வச்சிக்கீறேன்" என்றார். "நீ நின்னுக்கினு இருந்தது ஏன்னு எனக்குத் தெரியும்டா. ராத்திரி பூரா அதான் நெனச்சிக்கினு கெடந்தேன்."

பிறகு வாசல் பக்கம் உட்கார்ந்திருந்த நைனாவைப் பார்த்துச் சொன்னார்: "ஸ்கூல் தொறந்ததும் இவன ஆறாவுல சேத்துடு நைனா. இவன் இனிமே இங்க குந்த வேணாம். எனக்குத்தான் போச்சி, இவனாவது போவட்டும்."

நைனா முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டார்: "அது சரிபா. வலப்பக்கத்துக்கு யாரு?"

அம்மா அரிசியைக் களைந்துகொண்டே இருந்தார். என்னை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையிருக்கவில்லை.

ஆனி மாசம் பள்ளிக்கூடம் திறந்தது. என் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சின்னண்ணன் போனான். தெருமுனை வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். அவன் பின்னால் நன்றாகப் படித்து வேலைக்குப் போனான். அதில் எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. நான் ஏழாம் வகுப்புக்குப் போக வேண்டியவள். என்னை நிறுத்த வேண்டாமென்று மேடம் ஒருமுறை வந்து நைனாவிடம் பேசிப் பார்த்தார். அதற்குள் அவர் வீட்டுக்காரருக்கு மாற்றல் வந்துவிட்டது. காலையில் கோர்ட்டைத் திறந்துவிட ஆளில்லாமல் போயிற்று.

சின்னண்ணன் போன அன்றைக்கே நான் வலப்பக்கம் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் இரண்டு கையையும் மடியில் ஒடுக்கி வைத்துக்கொண்டேன். பெரியண்ணன் மரக்கோலை எடுத்து முற்றத்தில் விறகோடு போட்டுவிட்டு வந்தார்.

"கைய நீட்டும்மா. பயப்படாத, அண்ணன் அடிக்க மாட்டேன். அறுந்தா அறுந்துட்டுப் போவுது."

எனக்குப் பயமே இல்லை. எனக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டும், அவ்வளவுதான். அவர் முகத்தைப் பார்த்தபோது அதைச் சொல்ல வாய் வரவில்லை. கையை நீட்டினேன்.