சுடுதண்ணீர்த் தொட்டி பார்க்க வந்தவர்கள்

என் முழங்கால் வலிக்காக, காற்றடைக்கும் மலிவான சுடுதண்ணீர்த் தொட்டி ஒன்று வாங்கி, செவன் ஹில்ஸ் வீட்டின் பின்வளவில் வைத்திருக்கிறோம். சூடு போகாமல் அடியில் ஃபோம் பாய் விரித்து, சுற்றிவரப் போர்வை கட்டியது நான்தான். எல்லாம் யூடியூப் பார்த்துப் படித்தது.

நேற்றுப் போட்ட ஹீட்டருக்கு இன்று பின்னேரம்தான் தண்ணீர் பதமாகச் சுட்டது. சாமிக்கு விளக்கேற்றிவிட்டு இறங்கலாம் என்றிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து, கோயிலில் பழக்கமான அன்ரி குடும்பத்தோடு வந்துவிட்டார்.

"ஹொட் டப் வாங்கினீங்களாமே, காட்டுங்கோவன்!"

என் கணவர் மூடியை முழுதாகக் கழற்றி, தண்ணீரில் குமிழி கிளப்பும் விசையையும் போட்டுக் காட்டினார். ஆவி வேலி தாண்டிப் போனது. எல்லாரும் கையை மட்டும் விட்டுப் பார்த்தார்கள்.

"இறங்குங்கோ அன்ரி" என்றேன்.

"ஐயோ பிள்ளை, இந்தக் குளிருக்கையோ? சும்மா பாக்க வந்தனாங்கள்."

"மூடுங்கோப்பா, ஆறப்போகுது" என்று கணவரின் காதில் சொன்னேன்.

"வந்த சனத்துக்கு முன்னால மூடினா என்ன நினைப்பினம்?"

அவர்கள் தேத்தண்ணீர் குடித்துப் போவதற்குள் தண்ணீர் ஆறிவிட்டது. முழங்கால் அப்படியே வலிக்கிறது.

முருகா! வருகிறவர்களை மனம் நோகாமல் தடுக்க வழி தெரிந்தவர்கள் இதன் கீழே இன்றிரவே எழுதுங்கள். நாளைக்கு மச்சாள் வீட்டாரும் பார்க்க வருகிறார்களாம்.