மஞ்சள் நெட்

பீரோவின் மேல்தட்டில், ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் என் கல்யாண நெட் இருக்கிறது. சர்ச்சில் மணப்பெண்ணின் கொண்டையிலிருந்து முதுகில் தொங்குமே, அந்த வலைத்துணி. போன ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் மகள் தன் கல்யாணத்துக்கு அதைக் கேட்டு வந்தாள். விரித்துக் காட்டியதும் முகம் சுருங்கியது. “இன்னா அத்த, மஞ்சளா கீது? பழசாயிடுச்சா?” என்றாள். பழசானதால் வந்த மஞ்சள் இல்லை அது. வாரம் முழுக்க நின்ற கால்வலியோடு உட்கார்ந்திருந்த எனக்கு அதையெல்லாம் விளக்கத் தெம்பில்லை.

அப்போதும் இதே கும்மிடிப்பூண்டி கம்பெனியில்தான் இருந்தேன். தின்பண்டம் பாக்கெட் போடும் வேலை. முடி, காது எல்லாம் மூடி ஒரு வெள்ளைத் தொப்பி. ஷிப்ட் முடிந்து கழற்றினால் நெற்றியில் கோடு பதிந்திருக்கும். சர்ச்சில் தாலி கட்டுவது என்று இரண்டு வீட்டிலும் பேசி முடித்தபோது, அன்றைக்காவது தலையில் ஒன்றும் இல்லாமல் நிற்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. யாரும் கேட்கவில்லை.

சோழவரம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நெல் நிலம். கோயிலுக்குப் போகிற குடும்பம். மாப்பிள்ளை வீட்டுக்காகச் சர்ச்சுக்குச் சம்மதித்த அம்மா, நெட் என்றதும் எழுந்துவிட்டாள். அப்பா இறந்த பதினாறாம் நாள் அம்மாவின் தலையில் வெள்ளைக் கோடித்துணியைப் போட்டார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். “அந்த வெள்ளைய உன் தலைலயும் பாத்துக்கினு நிக்கணுமா? தாலி ஏறுற நேரத்துல? நான் வரலம்மா” என்றாள். அம்மா வராத கல்யாணம் எனக்கு எதற்கு?

மாமியாருக்கு அத்திப்பட்டில் நாஷ்டாக் கடை. விடிவதற்குள் இட்லி ஊற்றி, பவர் ஹவுஸ் வேலைக்குப் போகிறவர்களுக்குப் போடுகிறவர். அவருக்கும் ஒரு பயம் இருந்தது. “நெட்டு இல்லாம நின்னா, பொண்ணு விஷயத்துல ஏதோ தப்பாயிடுச்சு, அதான் அவசரமா முடிக்கிறாங்கன்னு சபைல பேசுவாங்கம்மா. உன் மானமாச்சே” என்றார். இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். நடுவில் நான்தான் பேஜாரானேன்.

என் வார லீவில் மாமியாரும் நானும் ரயிலேறிப் பாரிமுனைக் கடைக்குப் போனோம். முகத்தை மூடும் இரண்டடுக்கு நெட், தரையில் இழுபடும் நீள நெட், முழங்கை வரை வரும் குட்டை நெட் என்று கடைக்காரர் ஒவ்வொன்றாய் விரித்தார். முந்தின நாள் டபுள் ஷிப்ட். ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனேன். என் கல்யாண நெட்டைத் தேர்ந்தெடுத்த லட்சணம் அது. “முகத்த மூடுறது வேணாம்பா. பெத்தவ பாக்கணும்” என்று மாமியார் சொன்ன சத்தத்தில் விழித்தேன். குட்டை நெட்டை வாங்கியிருந்தார். வெள்ளைதான்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, மாமியார் யாரிடமும் சொல்லாமல் கடையை மூடிவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒயர் கூடையிலிருந்து நெட்டை எடுத்து அம்மாவின் மடியில் வைத்தார். மஞ்சள் தண்ணீரில் நனைத்து எடுத்திருந்தார். இன்னும் ஈரமாக இருந்தது.

“எங்க சபைல யாரும் இப்டி போட்டதில்ல. எவ இன்னா பேசினாலும் நான் பாத்துக்குறேன். நீங்க வாங்க” என்றார்.

அம்மா அதை மடியிலேயே விரித்தாள். நெட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். “ஓரத்துல சரியா புடிக்கல” என்று எழுந்து போனாள். குண்டானில் மஞ்சள் கரைத்து, ஓரத்தை மட்டும் தானே முக்கியெடுத்துக் கொடியில் போட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கல்யாணத்தன்று சபையில் முணுமுணுத்தார்கள்தான். அம்மா முதல் பெஞ்சில், மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

மாமியார் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. டின்னிலிருந்த நெட்டில் நடுவெல்லாம் வெளிறி, திட்டுத்திட்டாய்க் கிடக்கிறது. ஓரம் மட்டும் இன்னும் அழுத்தமான மஞ்சள்.

“ப்ளீச்சிங் பவுடர்ல ஊற வெச்சா வெள்ளையாயிடுமா அத்த?” என்று கேட்டாள் நாத்தனார் மகள்.

“ஆயிடும்” என்றேன். “அதான் குடுக்கல. நீ புதுசு வாங்கிக்கோ கண்ணு.”