அடித்தண்ணீர் பத்தொன்பது டிகிரி

ஒரே பதிலைப் பதினான்கு முறை சொல்கிறவர் பொய்யரா, இல்லை கேட்கிறவனுக்குத்தான் புத்தி போதவில்லையா? என் மனைவியின் அண்ணனை நினைத்தால் இந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது.

அவர் நீர்த்தேக்கத்தில் அளவுக்காரர். இருபத்தாறு வருடமாகப் புதன்கிழமைதோறும் நீர்மட்டம் பார்ப்பார். படகில் நடுவே போய் மேல்தண்ணீரின் சூட்டையும் அடித்தண்ணீரின் சூட்டையும் அளந்து சீட்டு அனுப்புவார். சீட்டுகளைச் சரிபார்ப்பது அலுவலகத்தில் என் வேலை. அவரை உத்தமர் என்று சொல்ல வரவில்லை. கேரம் ஆடும்போது பேச்சுக் கொடுத்தபடியே காயை விரலால் நகர்த்துவார்.

அந்தக் கோடையில் நீர்மட்டம் வாராவாரம் இறங்கியது. மேல்தண்ணீரின் சூடு ஏறியது. அடித்தண்ணீர் மட்டும் பதினான்கு வாரமும் பத்தொன்பது டிகிரி. மதிய இடைவேளையில் தத்துவம் படிக்கிறவன் நான். உலகத்தில் மாறாதது எதுவுமில்லை என்ற வரிக்கு அப்போதுதான் அடிக்கோடு போட்டிருந்தேன். அது போதாதா? மச்சான் வீட்டிலிருந்தே எழுதுகிறார் என்று முடிவு கட்டி, பொய்யளவு என்று புகார் எழுதிவிட்டேன். நிரூபணமானால் அவர் வேலை போகும். உறவென்றும் பார்க்காத என் நேர்மையை மெச்ச ஆளில்லாததால் நானே மெச்சிக்கொண்டேன்.

“ஏங்க, குளிக்கிற தண்ணி சூடா இருக்கான்னுகூட என்னைக் கேக்குறவர் நீங்க, எங்க அண்ணன் அளவுல தப்புக் கண்டுபிடிச்சீங்களா?” என்றாள் மனைவி.

விசாரணைக்கு முந்தின புதன்கிழமை மச்சான் என்னைப் படகில் ஏற்றினார். இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டேன்.

“ஒரு கையையாவது விடுங்க மாப்பிள்ளை. கயித்த யார் பிடிக்கிறது?”

கயிற்றின் நுனியில் வெப்பமானி வைத்த கனத்த குப்பி. ஆழக் கணக்குக்காகக் கயிற்றில் போட்டிருந்த முடிச்சுகளில் முப்பத்திரண்டை எண்ணி இறக்கி, குப்பி நிறைந்ததும் இழுத்தேன். கை எரிந்தது.

“படிங்க.”

பத்தொன்பது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். மறுபடி இறக்கி இழுத்தேன். பத்தொன்பதுதான்.

“வெயிலுக்கு ஆடுறதெல்லாம் மேல இருக்கிற தண்ணிதான். கீழ இருக்கிறதுக்குக் கோடை வந்ததே தெரியாது. மழைக்காலத்துல மேல குளிர்ந்து ரெண்டும் கலந்தாத்தான் இந்த நம்பர் நகரும். அதுவரைக்கும் உங்களுக்காக நான் எதை மாத்தி எழுத?”

“என்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கலாமே மச்சான்.”

“நீங்க கேக்கலையே. நேரா எழுதிட்டீங்களே.”

புகாரைத் திரும்பப் பெற்றேன். விசாரணை ரத்தானது. அவருடைய கோப்பில் என் தாள் மட்டும் மிச்சமிருந்தது. அவர் கேட்டால் எடுத்துவிடலாம் என்றார் மேலதிகாரி. கோப்போடு மச்சான் வீட்டுக்கே போனேன்.

“இப்பவே கிழிச்சிடட்டுமா மச்சான்?”

தாளை வாங்கி முழுவதும் படித்தார். நான் வெட்கத்தோடு பேனாவை நீட்டினேன்; எடுக்கச் சொல்லி அவர் கையெழுத்துப் போட வேண்டும். போடவில்லை. இருந்த இடத்திலேயே தாளைக் கோத்து, கோப்பின் நாடாவை இறுக்கிக் கட்டி என்னிடம் கொடுத்தார்.

“இருக்கட்டும் மாப்பிள்ளை.”

ஓய்வு பெறும் நாள்வரை அது அங்கேயே இருந்தது. ஏன் என்று தங்கை கேட்டும் அவர் சொல்லவில்லை.