கூடையில் ஜமீன், பையில் அம்மைப்பால்

கதவைத் தட்டினால் முன்வாசல் திறக்குமுன் பின்வாசல் திறக்கிற உத்தியோகம் அம்மை குத்துகிற உத்தியோகம். ஐம்பதுகளின் நடுவில் தொடங்கிப் பதினோரு வருஷம், கொடைக்கானல் பக்கம் பண்ணைக்காட்டிலிருந்து கவுஞ்சி வரைக்கும் மலை மலையாக ஏறி இறங்கி அதைப் பார்த்தேன். பெரியம்மைக்குத் தடுப்பு மருந்தான அம்மைப்பால் அடைத்த சின்னக் கண்ணாடிக் குழாய்கள், பல் வைத்த ஒரு திருகூசி, பேர் எழுத ஒரு நோட்டு. சாமான் இவ்வளவுதான். தோளில் ஒரு சொட்டு வைத்து, ஊசியை அழுத்தி ஒரு திருகு திருக வேண்டும். எட்டாம் நாள் அதே ஊருக்குத் திரும்பிப் போய்க் கொப்புளம் எழும்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் நாள் ஓடினவர்கள் எட்டாம் நாளும் ஓடுவார்கள்.

விதை விற்றவர்கள், ஜனக்கணக்கு எடுத்தவர்கள், இன்ஷூரன்ஸுக்கு ஆள் பிடித்தவர்கள் எல்லாம் இதைப் படித்தால் தலையை ஆட்டுவீர்கள். பட்டவர்களுக்குத்தானே தெரியும். ஆனால் பின்னங்கால் இரண்டும் விளங்காத ஒரு நாயையும் கூடவே தூக்கிக்கொண்டு உங்களில் யாரும் அலைந்திருக்க மாட்டீர்கள். அந்த வகையில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் கூடுதல்.

டாக்டர் ஆன காலை

பண்ணைக்காட்டில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று பின்னால் வந்து திரும்பியது. டயருக்கு அடியில் ஒரு குட்டி நாய் கத்தியது. லாரி நிற்காமல் போய்விட்டது. நின்றிருந்த ஏழெட்டுப் பேரும் என் தோளில் தொங்கிய பையைப் பார்த்தார்கள். "டாக்டர் இருக்காருல்ல, பாப்பாரு" என்றார் ஒருவர். ஒரே ஒரு நோய்க்கு ஒரே ஒரு ஊசி போடத் தெரிந்தவன் நான் என்று சொல்லிப் பார்த்தேன். அதற்குள் குட்டியைத் தூக்கி என் கையில் வைத்துவிட்டார்கள். மூங்கில் சிம்பு இரண்டை வைத்து வாழைநாரால் கட்டினேன். அது என் கட்டைவிரலை நக்கியது. அன்றைக்கு நான் போக வேண்டிய பஸ்ஸும் போய்விட்டது.

டீக்கடைச் சுப்பையா அடுப்புப் பக்கம் ஒரு சாக்குப் போட்டு அதை வைத்துக்கொண்டார். மூன்று வாரம் கழித்துப் போனேன். முன்னங்கால்கள் இரண்டும் நன்றாக இருந்தன. பின்பாதி மட்டும் துணி மாதிரி இழுபட்டு வந்தது. பார்த்த மாட்டு டாக்டர், முதுகெலும்பு போய்விட்டது, ஊசி போட்டு முடித்துவிடலாம் என்று சொல்லியிருந்தாராம். பிழைக்க வைப்பதற்கு ஊசி போடுகிறவன் நான். எனக்கு அது ஒப்பவில்லை. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சுப்பையாவிடம் கேட்டேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "இங்க கெடந்தா ஆளுக மிதிச்சிருவாங்க சார். உங்களுக்கு நடக்கிறதுதான சோலி. உங்க கால்ல கொஞ்சம் அதுக்கும் குடுங்க."

பேர் வைத்த கண்டக்டர்

பூண்டு அள்ளுகிற கூடை ஒன்றில் சாக்கு விரித்து அதில் நாயை உட்கார வைத்துக் கொடைக்கானல் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் மறித்தார். "நாய ஏத்த ரூல் இல்லைங்க. மேல மூட்டையோட போடுங்க" என்றார். அப்படியானால் நானும் மேலேயே உட்காருகிறேன் என்றேன். கடைசி சீட்டில் உட்காரச் சொன்னார். ஒருதரம் குரைத்தாலும் இரண்டு பேரையும் வழியில் இறக்கிவிடுவதாகப் பேச்சு.

அன்றைக்குப் பழனியில் முடி இறக்கிவிட்டு மலை பார்க்க வந்த கூட்டம் ஒன்று பஸ் நிறைய இருந்தது. நாலாவது வளைவு தாண்டியதும் மொட்டைத் தலைகள் ஒவ்வொன்றாக ஜன்னலுக்கு வெளியே போக ஆரம்பித்தன. எலுமிச்சம்பழம் கைக்குக் கை மாறியது. மூன்று இடத்தில் பஸ்ஸை நிறுத்த வேண்டியதாயிற்று. என் கூடையில் இருந்தவர் மட்டும் விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு, சொந்தக் காட்டைச் சுற்றிப் பார்க்க வந்தவர் மாதிரி வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பெருமாள்மலையில் வண்டி நின்றபோது கண்டக்டர் வாளித் தண்ணீரோடு பின்னால் வந்தார். எல்லா சீட்டையும் கழுவினார். எங்கள் சீட்டில் கழுவ ஒன்றுமில்லை. "ஜமீன ஒழிச்சாச்சுன்னு பேப்பர்ல போட்டான். இங்க ஒண்ணு கூடையில உக்காந்து மலை ஏறுது" என்றார். அதிலிருந்து அதன் பேர் ஜமீன்.

பள்ளங்கியில் ஒரு லாபம்

பள்ளங்கிக்கு நான் போகிற செய்தி எப்போதும் எனக்கு முன்னால் போய்விடும். பிள்ளைகளைப் பரணில் ஏற்றுவார்கள், உருளைக்கிழங்குக் காட்டுக்குள் படுக்க வைப்பார்கள். ஜமீனோடு போன அன்றைக்கு ஒரு தாய் தன் பையனைக் குதிருக்குள் இறக்கி மூடியே போட்டுவிட்டாள். தெருவில் ஒரு குஞ்சும் இல்லை. வெயில் பட்டால் அம்மைப்பால் கெட்டுப்போகும். பையை நிழலில் வைத்துவிட்டு, ஜமீனைக் கூடையிலிருந்து இறக்கிவிட்டேன். அது முன்னங்கால்களை ஊன்றி, பின்பாதியை இழுத்துக்கொண்டு, தெரு நடுவில் ஒரு கோழியை விரட்டியது. கோழிக்கு அவசரமே இல்லை. நடந்தே தப்பித்தது.

முதலில் ஒரு பரணில் சிரிப்புச் சத்தம். பிறகு ஒரு ஜன்னலில். கொஞ்ச நேரத்தில் பதினைந்து பிள்ளைகள் நாயைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். இதுக்குக் கால் என்னாச்சு, ராத்திரி எப்படித் தூங்கும், சோறு திங்குமா என்று வரிசையாகக் கேள்வி. நான் பதில் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு தோளாகத் திருகிக்கொண்டு வந்தேன். பாதிப் பேருக்கு முடிந்த பிறகுதான் அழுகையே தொடங்கியது. குதிரில் பையனை ஒளித்த தாய், குதிர் காலியாகக் கிடப்பதைப் பார்த்து, அவனைத் தேடிக்கொண்டு வெளியே வந்தாள். அவன் தோளைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "தூண்டில் போட்டு மீன் பிடிக்கிறவன் கூட இம்புட்டு நோகாமப் பிடிக்க மாட்டான்" என்றாள்.

வண்டி கட்டிய ஆசாரி

தரையில் இழுபட்டு இழுபட்டு ஜமீனின் தொடையில் புண் வந்தது. தோல் துண்டு கட்டினேன், கழுவி மருந்து போட்டேன், ஆறவில்லை. கொடைக்கானல் பஜாரில் பேரிக்காய்ப் பெட்டி அடிக்கிற ஆசாரி ஒருவர் எனக்குப் பழக்கம். சீமைக்குக் கப்பல் ஏறிய ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் விட்டுப்போன குழந்தை வண்டியிலிருந்து இரண்டு சக்கரத்தை அவர் எடுத்து வைத்திருந்தார். ஒரு பலகை, இரண்டு சக்கரம், இடுப்பில் மாட்ட ஒரு வார். பின்பாதி பலகையில் படுத்திருக்க, முன்னங்கால்கள் நடக்கும். இரண்டு நாளில் செய்து கொடுத்துவிட்டார்.

பஜார் தெருவின் சரிவு உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதன் தலைப்பில் வைத்து வாரை மாட்டினோம். ஜமீன் இரண்டு அடி நடந்தது, பிறகு வேகமாக நடந்தது, பிறகு அதற்கு நடக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. லாரி ஏறிய நாளிலிருந்து ஓடாத நாய் காதைப் பின்னால் மடித்துக்கொண்டு பறந்தது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். இரண்டு கான்வென்ட் டீச்சர்கள் ஒதுங்கினார்கள். பொதிக்குதிரை ஒன்று மிரண்டது. கடைசியில் ஒரு காய்கறிக் கடையின் முள்ளங்கிக் குவியல்தான் அதை நிறுத்தியது. முள்ளங்கிக்கு நடுவிலிருந்து தலையைத் தூக்கி, இன்னொரு தரம் போகலாமா என்பது போல என்னைப் பார்த்தது. ஆசாரி நிதானமாக நடந்து வந்து சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். "ஓடணும்னுதான சொன்னீங்க. நிக்கணும்னு சொல்லவே இல்லையே" என்றார்.

மேலதிகாரி ஓடையைத் தாண்டினார்

நாயோடு சர்க்கார் வேலை பார்க்கிறான் என்று யாரோ எழுதிப் போட்டுவிட்டார்கள். விசாரிக்க மேலதிகாரி ஒருவர் வந்தார். பட்டணத்துக்காரர், புது கான்வாஸ் ஷூ, கண்ணாடி. என்னோடு ஒருநாள் நடந்து பார்த்துவிட்டு ரிப்போர்ட் எழுதப் போவதாகச் சொன்னார். வேலை போகுமோ என்ற பயத்தோடு நடந்தேன். மத்தியானம் ஒரு ஓடையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. பையை நனையாமல் தலைக்கு மேல் தூக்க எனக்கு இரண்டு கையும் வேண்டும். முதுகில் கூடையோடு இறங்கினால் அந்த இழுப்பில் கால் நிற்காது. இன்னொரு நடை வந்து திரும்புவதற்குள் தண்ணீர் இடுப்பைத் தாண்டிவிடும். "நாயை விட்டுட்டு வாங்க" என்றார் அதிகாரி. நான் பையைக் கீழே வைத்துவிட்டுக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் ஷூவைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். நடு ஓடையில் ஜமீன் கீழே குனிந்து அவர் கண்ணாடியை முழுசாக நக்கியது. கண் தெரியாமல் மீதித் தூரத்தை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கடந்தார். அக்கரையில் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "நாய் எதுவும் இல்லைன்னு எழுதிடறேன். இருக்குன்னு எழுதினா, யார் தூக்கினதுன்னு கேப்பாங்க" என்றார்.

கவுஞ்சியில் வந்த சாட்சி

இது மட்டும் சிரிக்கிற விஷயமாகத் தொடங்கவில்லை. கவுஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு குடிசைக் கூட்டத்தில் இரண்டு பேருக்கு அம்மை வார்த்திருந்தது. ஒரு பெண் குழந்தை போய்விட்டது. வெள்ளனே கிளம்பி ஓட்டமும் நடையுமாகக் கவுஞ்சிக்குப் போனேன். வழியெல்லாம் சேறு என்பதால் நாயின் சக்கர வண்டி உதவாது. ஜமீன் என் முதுகில். ஊர் எல்லையிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆத்தா வந்திருக்கிறபோது ஊசி கூடாது என்பார்கள் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். அவர்கள் சொன்னது வேறு. நான் ஊசியை முதலில் நாய்க்குக் குத்திச் சோதித்தேனாம், அதில்தான் அதற்குக் கால் போயிற்றாம். பிள்ளைகளுக்கும் கால் போனால் காட்டு வேலைக்கு யார் போவது என்று ஊர்த்தலைவர் கேட்டார். கேட்டது நியாயமான கேள்வி. லாரி ஏறியது என்று சொன்னேன். லாரியையே பார்க்காத ஊர் அது. ஒருவரும் நம்பவில்லை. ஊர் ஊராகப் பிள்ளைகளை என் ஊசிக்கு இழுத்து வந்த நாயாலேயே அந்த ஊர்ப் பிள்ளைகள் சாகப் போகிறார்கள் என்று நினைத்தபோது, அதைப் பண்ணைக்காட்டிலேயே விட்டிருக்கக் கூடாதா என்று முதல் தடவையாகத் தோன்றியது.

உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றப் பொதிக்குதிரைகளோடு வந்திருந்த ஒருவர் கூட்டத்துக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மெதுவாக முன்னால் வந்து ஜமீனின் இடுப்பைத் தடவிப் பார்த்தார். "பண்ணைக்காட்டு பஸ் நிக்கிற இடத்துலதான?" என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "நான்தான் ஏத்துனேன். அப்ப வாழைத்தார் லாரி ஓட்டிக்கிட்டிருந்தேன். நிறுத்தணும்னு தோணுச்சு, நிறுத்தலை. அப்புறம் ஸ்டியரிங் பிடிச்சாலே அந்தச் சத்தம்தான் கேட்டுச்சு. குதிரைக்கு வந்துட்டேன்." அவர் சட்டையைக் கழற்றித் தோளை என்னிடம் நீட்டினார். ஒரு சொட்டு வைத்துத் திருகினேன். ஜமீன் அவர் முழங்கையை நக்கியது. அது எல்லாரையும் நக்கும். அவர் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஊர்த்தலைவர் தன் பேரனை முன்னால் தள்ளினார். பொழுது சாயுமுன் ஊரில் ஒருவரும் பாக்கியில்லை. எட்டாம் நாள் போனபோது எல்லாத் தோளிலும் கொப்புளம் நன்றாக எழும்பியிருந்தது. அந்த வருஷம் கவுஞ்சிக்குள் அம்மை நுழையவில்லை. ஊசி போட்ட அன்றைக்குக் கிளம்பும்போது தலைவர் என்னோடு எல்லை வரை வந்தார். "அப்ப ஊசிக்குப் பயமில்ல, லாரிக்குத்தான் பயப்படணும். நல்லவேளை, எங்க ஊருக்கு இன்னும் ரோடு போடலைங்க" என்றார்.

கடைசிச் சுற்று

அறுபதுகளில் ஒரு மார்கழியில், வயதாகி, என் கட்டிலுக்கு அடியில் ஜமீன் செத்துப்போயிற்று. ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை. நான் தங்கியிருந்த அறைக்குப் பின்னால் பேரிக்காய் மரத்தடியில் புதைத்தேன். அடுத்த மாதம் எனக்குக் கீழ்நாட்டுக்கு மாற்றல் வந்தது. அதற்கு முன் ஒரு சுற்று பாக்கி இருந்தது. தனியாக நடந்தேன். முதுகில் கனம் இல்லாததால் சீக்கிரம் போய்விடலாம் என்று நினைத்தேன். என்னவோ, எல்லா ஊருக்கும் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தேன்.

கவுஞ்சியில் பிள்ளைகள் ஓடி வந்து என் முதுகுப் பக்கம் பார்த்தார்கள். செத்துப்போச்சு என்றேன். திரும்பி வீட்டுக்குள் போய்விட்டார்கள். சரி, இனி பரண் பரணாக ஏற வேண்டியதுதான் என்று குழாயை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பெரியவர்கள், பெண்கள், பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து வந்தார்கள். ஆண்கள் சாவு வீட்டுக்கு வருகிற மாதிரித் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார்கள். என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். எப்ப, எப்படி, கடைசியில் சோறு தின்றதா என்று கேட்டார்கள். ஒவ்வொன்றாகப் பதில் சொன்னேன். பிறகு ஒரு அம்மாள் கைக்குழந்தையின் சட்டையைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு என் பக்கம் நகர்ந்தாள். "துட்டி கேக்கத்தான் வந்தோம்ங்க. வந்தது வந்தோம், ஊசியையும் வெரசா குத்திவிட்டுருங்க" என்றாள்.

பதினோரு வருஷம் அந்த மலையில் அம்மை குத்தியதற்குச் சர்க்கார் எனக்குச் சம்பளம் கொடுத்தது, வேலையைப் பார்த்தது யார் என்று மலையில் யாரையும் விசாரிக்காததால்.