மருதம்மாள் வீட்டுக் குப்பைப் பை

மலேசியாவில் மெர்போக் பக்கத்து ரப்பர் தோட்டத்தின் பிள்ளைக் கொட்டகையில் வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்த கேதரினுக்கு யார் மனதையும் நோகடிக்கத் தெரியாது. 1983இல் பினாங்கிலிருந்து ஓர் ஆய்வுக் குழு வந்தபோது, வீட்டுக்கு வீடு பை கொடுத்து, வாரா வாரம் அதில் சேரும் குப்பையை நிறுக்கும் வேலைக்கு அவளைத்தான் பிடித்துக்கொண்டார்கள். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் அவளுக்குத் திறக்காத கதவு கிடையாது.

"ஜப்பான், மலேசியான்னு எந்த நாட்டுல எவ்வளவு வீசுறாங்க, எவ்வளவ மறுபடி எடுத்துப் புழங்குறாங்கன்னு ஒண்ணா வச்சுப் பாக்கப் போறோம் அக்கா" என்றான் குழுவோடு வந்த டெஸ்மண்ட். தங்கள் லயமும் ஜப்பானும் ஒரே தாளில் வரப்போகின்றன என்பது கேதரினுக்குப் பிடித்துப்போயிற்று. பையையும் தராசையும் தூக்கிக்கொண்டு உற்சாகமாகக் கிளம்பினாள்.

நிறுக்கத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. பால் டின் குவளையாகியிருந்தது. மாவுச் சாக்கு தலையணை உறையாகியிருந்தது. சிரட்டை அடுப்புக்குப் போனது, கழனித்தண்ணீர் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போனது. ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகும் மருதம்மாள் வீட்டுப் பையில் கொஞ்சம் முட்டை ஓடும் சாம்பலும்தான் இருந்தன. தராசு முள் அசையக்கூட இல்லை.

அடுத்த வாரம் அதே பையைத் தூக்க முடியவில்லை. உள்ளே வெண்ணெய் டின்கள், ஆப்பிளைச் சுற்றிவந்த தாள்கள், இங்கிலீஷ் பத்திரிகைகள். கேதரின் பையைக் கீழே வைத்துவிட்டு, "மருதக்கா, வெண்ணெய் எப்ப வாங்குனீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

மருதம்மாள் முந்தானையைத் திருகினாள். "துரை பங்களா பின்னால கெடந்துச்சு. டவுன்ல பையி நெறைய வீசுறாங்களாம். நம்ம வீட்டுப் பைய பாத்தா ஒண்ணும் திங்காதவங்கன்னுதான எழுதுவாங்க? மாலு லா, வெக்கமா இருக்கு கேத்தரினு. எம் மக ரமணிக்கு வேற மாப்பிள்ள பாத்துக்கிட்டு இருக்கேன்."

கேதரின் வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அக்கா, இதுல கொறச்சலா வீசுறவங்கதான் ஒசத்தி" என்றாள்.

அதைச் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. அடுத்த வாரம் லயம் முழுக்க ஒரு பையிலும் ஒன்றும் இல்லை. சாம்பலைக்கூட வாழைக்கடியில் புதைத்துவிட்டார்கள்.

கேதரின் டெஸ்மண்டிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். திட்டுவான் என்று நினைத்தாள். அவன் சிரித்துவிட்டு, எழுதியிருந்த எடைகளைக் கோடு போட்டு அடித்தான். "தராசு வேணாம்கா. எது எங்க போகுதுன்னு கேட்டே எழுதுவோம். யாராச்சும் உண்மையச் சொல்லணுமே."

கேதரின் மருதம்மாளையே துணைக்கு அழைத்துக்கொண்டாள். அவளுக்கு முன்னால் பொய் எடுபடவில்லை. "டின்ன வீசிட்டேன்னா சொல்ற? ஒன் ரோஜாச் செடி பின்ன எதுல நிக்குது?" என்று வாசலில் நின்றே கேட்டாள். வெட்கத்தோடு ஆரம்பித்தவர்கள் போகப்போகப் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். பழைய டயர் செருப்பானதும் கிழிந்த கைலி தூளியானதும் தாளில் ஏறின. சாயங்காலம் ஆனால் டெஸ்மண்டுக்கு மருதம்மாள் வீட்டில் மரவள்ளிக்கிழங்கும் நெத்திலிச் சம்பலும் கிடைத்தன. அவன் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதில், வீட்டுக்காரிக்கு இருந்த கூச்சமும் போய்விட்டது.

குழு மழைக்கு முன்பே திரும்பிப் போய்விட்டது. எந்த நாடு முன்னால் நின்றது, எது பின்னால் நின்றது என்று யாரும் வந்து சொல்லவில்லை. கேதரின் கொஞ்ச நாள் கேட்டுக்கொண்டிருந்தாள், பிறகு பிள்ளைகளின் சளியிலும் அழுகையிலும் மறந்துபோனாள்.

மறு வருஷம் ரமணிக்குப் பாலிங் ஊரில் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணத்தன்று பெண் வீட்டுக்காரியாகவே நின்றாள் கேதரின். மருதம்மாள் வீட்டில் சாப்பாடு குறைச்சல் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, பந்தியில் போதும் என்று கை மறித்தவர்களையும் அவள் விடவில்லை, கையை விலக்கிவிட்டுச் சோற்றை வைத்தாள்.